யாருக்கு முதலில் வழி?

எங்கள் மாரண்டஹள்ளியில் வாசல் பெண்களுடையது. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் சரி, வாசலைக் கூட்டுவதும் சாணம் தெளிப்பதும் கோலம் போடுவதும் பெண்கள் பாடு. மார்கழிப் பனியில் ஐந்து மணிக்கு எழுந்து தெருவில் குனிகிற முதுகுகளில் ஓர் ஆண் முதுகைக்கூட நான் பார்த்ததில்லை. ஆண்பிள்ளை ஒருவன் விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் எதிர்வீட்டுத் திண்ணை சிரிக்கும். பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கும் தங்கைக்கும் என்று அந்த விளக்குமாறு கைமாறி வந்தது. பெண்ணுக்குக் குனிய வரும், ஆணுக்கு வராது என்பதை ஊரே ஓர் இயற்கை விதிபோலச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த விதி பொய் என்பதைப் புத்தகங்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், வகுப்பிலும் பேசியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது கனடாவில், முழங்கால் உயரப் பனியில்.

2025 பிப்ரவரியில் தங்கைக்குப் பிரசவம். அம்மா இல்லாத வீட்டில் அக்காதானே அம்மா? கல்லூரியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, டொரண்டோவை ஒட்டிய ஒரு புறநகருக்குப் போயிருந்தேன். அறுவைச் சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த சில நாட்களில், 12ஆம் தேதி இரவு பனிப்புயல் தொடங்கியது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் 15, 16 தேதிகளில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து டொரண்டோ பகுதியில் அரை மீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தன.

வானத்திலிருந்து உறைந்து விழுவது என்றால் எனக்குத் தெரிந்தது கோடை ஆலங்கட்டிதான். பாவாடையில் ஏந்தி வாயில் போடுவதற்குள் பாதி கரைந்திருக்கும். நமக்குப் பனி என்பது புல்நுனி ஈரம். முன்பனி, பின்பனி என்று இலக்கணம் இரண்டு பெரும்பொழுதுகளைப் பிரித்து வைத்திருப்பதும் அந்த ஈரத்தையும் குளிரையும் வைத்துத்தான். பனித்தல் என்றால் நடுங்குதல் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். சன்னலுக்கு வெளியே தெருவே காணாமல் போயிருந்த அந்தக் காலையில்தான் அச்சொல்லின் பொருள் உடம்பில் இறங்கியது.

புயல் ஓய்ந்ததும் தெருவில் இறங்கியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சிலர் கையில் பனி அள்ளும் ஷவல், சிலரிடம் பனியை உறிஞ்சித் தூர எறியும் இயந்திரம். வாசலை, அதாவது கார் நிற்கும் முகப்பைச் சுத்தம் செய்கிறார்கள். ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொள்கிறார்கள். தங்கை வீட்டுக்காரரும் ஒரு மணிநேரம் அள்ளினார். நல்ல மனிதர். ஒரு சரக்குக் கிடங்கில் மாறி மாறி வரும் ஷிப்டுகளில் வேலை பார்க்கிறார். அள்ளி முடித்து, சிவந்த முகத்தோடு ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். தர்மபுரியில் இருக்கும் அவருடைய அம்மாவிடமிருந்து உடனே குரல்பதிவு வந்தது: "என் ராசா, எவ்ளோ கஷ்டப்படுற!"

அந்த அம்மா ஐம்பது ஆண்டுகளாக வாசல் கூட்டுகிறவர். அதை யாரும் படமெடுத்ததில்லை.

வேலை ஒன்றுதான்: வாசலில் விழுந்ததை அப்புறப்படுத்துவது. விளக்குமாறு பிடித்துக் குனிந்து, யாரும் எழுவதற்கு முன் செய்தால் பெண் வேலை. நீண்ட கைப்பிடி பிடித்து நிமிர்ந்து நின்று, தெரு பார்க்கச் செய்தால் ஆண் வேலை. தினமும் செய்தால் கடமை. குளிர்காலத்தில் சில நாள் செய்தால் வீரம். அந்தச் சில நாட்களிலும் வீட்டுக்குள் நடப்பது பனி அகற்றும் கணக்கில் வருவதில்லை. ஈரக் கையுறைகளைக் காயவைப்பது, காலணியோடு வந்த உப்புத்தண்ணீர் தரையில் வெள்ளைக் கறையாக உறைவதற்குள் துடைப்பது, உள்ளே வருகிறவருக்குச் சூடாக ஏதாவது தயாராக வைத்திருப்பது. பக்கத்து வீட்டில் பள்ளிக்குப் போகிற இரண்டு சிறுவர்களுக்கு அவர்களுடைய அம்மா அடுக்கடுக்காக உடை மாட்டி முடிக்க அரைமணிநேரம் ஆகும். கடைசிப் பொத்தான் போட்டதும் ஒருவன் ஒன்றுக்கு வருகிறது என்பான்.

இந்த வீரத்துக்கு ஆண்களும் விலை கொடுக்கிறார்கள். கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் ஆராய்ந்தவர்கள், பெரும்பனி விழுந்த மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடுவதைக் கண்டார்கள். பெண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும்போது மூச்சுப்பிடித்துப் பாரம் தூக்கினால் இதயம் தாங்காது. வீட்டில் ஆண் இருக்கும்போது பெண் ஏன் அள்ள வேண்டும் என்ற பெருமைக்குள் இந்த மரணமும் ஒளிந்திருக்கிறது.

18ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, குழந்தையை எடை பார்க்கக் கொண்டுபோக வேண்டும். பால் சரியாக இறங்குகிறதா என்ற கவலை தங்கைக்கு. இருப்பது ஒரு கார். அது விடியுமுன்பே வேலைக்குப் போய்விட்டது. மருத்துவமனை பக்கம்தான், நடந்தால் பத்து நிமிடம். தையல் போட்ட வயிற்றோடு தங்கை, தள்ளுவண்டியில் குழந்தை, கூட நான். வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டோம். கார்கள் போகும் சாலை கறுப்பாக, சுத்தமாக இருந்தது. அந்தச் சாலையிலிருந்து வழித்த பனி முழுவதும் நடைபாதையில் மதில்போலக் குவிந்து கிடந்தது. பொழிகிற பனி பஞ்சு மாதிரி. வண்டி வழித்து ஒதுக்கிய பனி அப்படியல்ல. உப்பும் சேறும் நசுங்கிய பனிக்கட்டியும் கலந்து இறுகிவிடும். தள்ளுவண்டியின் சக்கரம் ஒரு சாண்கூட நகரவில்லை.

ஷவலை எடுத்துவந்து வெட்டத் தொடங்கினேன். எதிர்ப்புறத்திலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அம்மா சாலையோரமாக, கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்துகொண்டிருந்தார். முதியவர்களை வீட்டிலேயே பராமரிக்கும் வேலை, இரவுப் பணி முடித்து பஸ்ஸில் வந்திறங்கியவர். அரை நிமிடம் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இடுப்பாலே தூக்காதையுங்கோ. முழங்காலை மடியுங்கோ. தூக்குறதை விடத் தள்ளுறது லேசு. சவளுக்கு எண்ணெய் பூசினனீங்களோ?"

உள்ளே போய் சமையல் எண்ணெயை எடுத்து வந்து தகட்டில் தடவினேன். பலாப்பழம் அரியும் முன் கத்திக்குத் தடவுவோமே, அதே போல. பிறகு பனி ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அவர் கைப்பையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, "நீங்கள் வெட்டுங்கோ, நான் ஒதுக்குறன்" என்று கூடவே நின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊரில் இருக்கிறாராம். கார் ஓட்டியதில்லை. குளிர்காலத்தில் இரண்டு முறை விழுந்து ஒருமுறை மணிக்கட்டு முறிந்திருக்கிறது. பத்து நிமிட நடைக்கு எங்களுக்கு ஒரு மணிநேரம் ஆனது. குழந்தைக்கு எடை கூடியிருந்தது. தங்கைக்குத் தையலில் வலியும் கூடியிருந்தது.

அந்தத் தெருவில் யாரும் வேண்டுமென்று பெண்களுக்கு வழியை மறிக்கவில்லை. பனி வழிக்கும்போது பெரிய சாலை முதலில், நடைபாதை கடைசியில் என்பது பல ஊர்களின் வழக்கம். கேட்டால் இதில் ஆண் என்ன, பெண் என்ன என்பார்கள். சுவீடனில் கார்ல்ஸ்கூகா என்ற சிறு நகரத்திலும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 2011இல் அந்த நகராட்சி தன் எல்லா வேலைகளையும் பாலினச் சமத்துவ நோக்கில் சோதித்துப் பார்க்க முடிவு செய்தபோது, பனி அள்ளுவதிலாவது இந்தப் பெண்ணியக்காரர்கள் தலையிட மாட்டார்கள் என்று ஓர் அதிகாரி வேடிக்கையாகச் சொன்னாராம். அதையும் சோதித்தார்கள். காரில் நேராக வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களில் ஆண்கள் அதிகம். குழந்தையைப் பள்ளியில் விட்டு, பெரியவர்களைப் பார்த்து, கடைக்குப் போய், நடந்தும் பேருந்திலும் அலைகிறவர்களில் பெண்கள் அதிகம். பனியில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களிலும் பெண்கள் அதிகம். பத்து சென்டிமீட்டர் பனியில் காரை ஓட்டிவிடலாம், தள்ளுவண்டியைத் தள்ள முடியாது. அதனால் வரிசையை மாற்றினார்கள்: நடைபாதையும் பேருந்து நிறுத்தமும் முதலில், பெரிய சாலை பிறகு. கூடுதல் செலவு இல்லை. விழுந்தவர்களுக்கான மருத்துவச் செலவை நினைத்தால் மிச்சம்தான். கரோலின் கிரியாடோ பெரெஸ் 2019இல் வெளியிட்ட 'இன்விசிபிள் விமன்' என்ற நூலில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஸ்டாக்ஹோமும் இதைப் பின்பற்றியது. 2016 நவம்பரில் அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் காணாத நவம்பர்ப் பனி, 39 சென்டிமீட்டர். நகரம் திணறியது. உடனே பழி பெண்ணியத்தின் மேல் விழுந்தது, உலகெங்கும் கேலி. பழைய வரிசையில் எத்தனையோ குளிர்காலங்களில் நகரங்கள் திணறியிருக்கின்றன. அப்போது யாரும் ஆண்மையப் பனி அகற்றல் தோற்றது என்று எழுதவில்லை. ஆண்களின் வசதிக்கு ஏற்ற வரிசை எப்போதும் வெறும் வரிசை. பெண்களுக்கு ஏற்றதாக மாற்றினால்தான் அது அரசியல்.

புலம்பெயர்ந்த தமிழர்கள் பனியும் பனி சார்ந்த இடமும் என்று ஆறாம் திணை ஒன்றைப் பேசுவார்கள். அந்தத் திணைக்குக் கருப்பொருள் எழுதினால் உப்பையும் சவளையும் எழுதுவோம். இரவுப் பணி முடிந்து காலை ஏழரைக்குச் சாலையோரம் ஒதுங்கி நடக்கும் அந்த அம்மாவையும் எழுத வேண்டும்.

பனியே விழாத ஊரில் இதெல்லாம் எதற்கு என்று என் மாணவிகள் கேட்கலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் வந்ததே, மறந்துவிட்டதா? ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், நம் மாவட்டத்து அரூரில் 33 சென்டிமீட்டர். பனி விழுந்தால் அள்ளுவது ஆண். வெள்ளம் வந்து போனால் வீட்டுச் சேற்றை வழிப்பது பெண். அந்தப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எட்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. அதே கல்லூரியில் படிக்கும் அவளுடைய அண்ணன் மூன்றாம் நாளே வந்துவிட்டான். கேட்டதற்கு, "சேறு அள்ளணும் மிஸ், பாய் தலகாணி எல்லாம் அலசணும்" என்றாள். அவளுக்கு வருகைப்பதிவு குறைந்தது. அவனுக்குக் குறையவில்லை.

அந்த எட்டு நாளில் பேருந்துகள் ஓடும் சாலை சீக்கிரமே சரியாகியிருந்தது. 2021 முதல் நகரப் பேருந்துகளில் நமக்குக் கட்டணமில்லை. ஆனால் வீட்டிலிருந்து நிறுத்தம் வரைக்குமான சந்து? ரேஷன் கடைக்கும் குழாயடிக்கும் அங்கன்வாடிக்கும் போகிற வழி? மழை நின்ற மறுநாள் பொக்லைனும் தூய்மைப் பணியாளர்களும் எந்தத் தெருவில் முதலில் இறங்குகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பணியாளர்களில் எத்தனை பேர் பெண்கள், எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள், அவர்கள் வீட்டுச் சேற்றை யார் அள்ளினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2016 முதல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. எங்கள் மாரண்டஹள்ளி பேரூராட்சியும் அதில் அடக்கம். அடுத்த மழைக்கு முன் உங்கள் ஊரில் ஒரு தாளை எடுத்து, நீங்கள் ஒரு நாளில் நடக்கும் வழிகளை வரையுங்கள். பள்ளி, குழாய், ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், பிரசவ வார்டு. பத்துப் பெண்களின் தாள்களைச் சேர்த்து வைத்தால் எந்தச் சந்து முதலில் வரவேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். அதை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் பெண்ணாக இருந்தால், அவரும் அந்தச் சந்து வழியாகத்தான் குடம் எடுத்துப் போயிருப்பார்.