ஆர்எக்ஸா, ஸ்ப்ளெண்டரா?

"அண்ணே, ஆர்எக்ஸ் ஒண்ணு வெலைக்கு வந்திருக்கு. எடுக்கட்டுமா, இல்ல ஸ்ப்ளெண்டரே போதுமா?" என்று கேட்டு வரும் பையன்களுக்கு என் பட்டறையில் பஞ்சமே இல்லை. கையில் லட்ச ரூபாய் வைத்திருப்பான். அந்தப் பணத்துக்கு ஷோரூமில் புது ஸ்ப்ளெண்டரே எடுக்கலாம் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அவன் மனசு மட்டும் தான் பிறப்பதற்கு முன்னால் வந்த யமஹாவிலேயே கிடக்கும். இந்தக் கேள்விக்கு நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. ஒரு வருஷத்துக்கு அவன் காலையும் மாலையும் எப்படிக் கழியும் என்பது இதில் இருக்கிறது.

எங்கள் ஆலங்குளம் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வெம்பக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் நடுவில் கரிசல் காடுதான். வண்டி நின்றால் ஒதுங்குவதற்கு வேலிக்கருவை நிழல் கிடைத்தால் உண்டு. பட்டாசு ஆலைக்குப் போகிறவர் விடிவதற்குள் கிளம்பியாக வேண்டும். மில்லுக்குப் போகிறவரை ஷிப்ட் நேரம் விரட்டும். அதனால் நான் முதலில் கேட்பது, "வீட்ல வேற வண்டி இருக்கா தம்பி?" என்பதுதான்.

ஆர்எக்ஸ் 100 வந்தது 1985இல், நின்றது 1996இல். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவும் கொஞ்சமும். ஸ்ப்ளெண்டர் 1994இல் வந்தது. 97 சிசி, குதிரைத்திறன் ஏழரை. கொள்ளளவில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனாலும் ஒன்று பறக்கிறது, ஒன்று நடக்கிறது என்றால் காரணம் இன்ஜினுக்குள்ளே இருக்கிறது. ஸ்ப்ளெண்டர் ஃபோர் ஸ்ட்ரோக். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறை வெடிக்கும். ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். ஹெட்டில் வால்வு கிடையாது, கேம் கிடையாது, அவற்றின் எடையும் கிடையாது. பிஸ்டனே ஏறி இறங்கி சிலிண்டர் சுவரில் உள்ள வழிகளைத் திறந்து மூடுகிறது.

அதன் பெரிய வித்தை சைலன்சரில் இருக்கிறது. வெளியேறும் புகையின் அழுத்த அலை சைலன்சருக்குள் மோதித் திரும்பி வந்து, நழுவப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ளே தள்ளும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் இந்தக் கணக்கு கூடிவரும். அதுவரை சாதுவாகப் போன வண்டி அந்த இடத்தில் திடீரென்று இழுக்கும். மயங்கிப்போகிற எல்லோரும் மயங்குவது அந்த ஒரு இழுவையில்தான். சத்தம் வேண்டும் என்று சைலன்சரின் உள்பாகத்தை வெட்டி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. வண்டியின் உயிரை அறுத்துப் போட்டுவிட்டு சத்தத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

இதை இவ்வளவு விளக்குவதற்குக் காரணம் உண்டு. அந்த இழுவையும் அந்த வண்டியின் கோளாறும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வால்வு இல்லாததால்தான் கிராங்க் கேஸ் வழியாகவே பெட்ரோல் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே துணை. ஒருவன் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வரை ஏறிவிட்டுத் திரும்பி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புளியரை இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே இறங்குவான். இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, பெட்ரோல் போகவில்லை. பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிராங்க் ஆயில் சீல் லேசாகக் காற்று வாங்கினாலும் அதே கதைதான். கலவை மெலிந்து சூடேறி ஜாம் ஆகும். இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கிவிட வேண்டும் என்று பழைய ஆட்கள் கைப்பழக்கமாகவே வைத்திருந்தார்கள். இன்றைய பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அவன் அப்பா ஸ்ப்ளெண்டர் ஓட்டியவர்.

இந்த இழுவைக்கும் கோளாறுக்கும் உச்சம் ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350ஐ எஸ்கார்ட்ஸ் 1983 முதல் இங்கே செய்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், ஆறு கியர், முதலில் வந்த மாடலில் 30 குதிரைத்திறன். அப்போது புல்லட்டுக்கே 18தான். அந்த வேகத்துக்கு முன்சக்கரத்தில் கொடுத்தது டிரம் பிரேக். அதற்கு ‘ரேபிட் டெத்’ என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. ஆனால் அந்த இன்ஜினைத் திறந்து வேலை பார்ப்பது எனக்குக் கோயில் வேலை. இரண்டு கார்புரேட்டரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். இரண்டு செட் பாயிண்ட்டை, பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து, தனித்தனியாக டைமிங் வைக்க வேண்டும். வரிசை மாறினால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். எல்லாம் பொருந்திய பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இரண்டும் ஒரே காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு நாள் முழுக்கக் குனிந்து உட்காரலாம்.

இதையெல்லாம் ரசிக்கிறவன் ஸ்ப்ளெண்டரை இளக்காரமாகப் பார்ப்பான் என்று நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் படுக்கை இன்ஜினின் பரம்பரை ஹோண்டாவின் சூப்பர் கப் வழி வந்தது. 1958இல் தொடங்கிய அந்த வண்டி 2017இல் உற்பத்தியில் பத்துக் கோடியைத் தாண்டியது. அறியாத கைகளும் அசட்டையான கைகளும் தொடப்போகின்றன என்று தெரிந்தே அந்த இன்ஜினை வரைந்திருக்கிறார்கள். ஓட்டுகிறவன் தவறு செய்வான் என்பதை முன்கூட்டியே மன்னித்துவிட்ட இன்ஜின் அது. அதை வரைவதற்கும் பெரிய மனசு வேண்டும்.

ஆனால் அந்த மன்னிப்புக்கு ஒரு கெட்ட விளைவு உண்டு. என் பட்டறைக்குள் மிக மோசமான நிலையில் வருவது நம்பிக்கையான வண்டிகள்தான். டிப் ஸ்டிக்கை எடுத்தால் நுனியில்கூட ஆயில் இருக்காது. ஏர் ஃபில்டரில் சிமெண்ட் லாரிப் புழுதி கட்டி தட்டிக் கிடக்கும். "ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு" என்பார்கள். ஆர்எக்ஸ் வைத்திருப்பவன் ஸ்லோ ஸ்பீடில் ஒரு தட்டுத் தவறினாலும் மறுநாள் வந்து நிற்கிறான். சத்தம் மாறியதும் அவனுக்குத் தெரிகிறது. நம்ப முடியாத வண்டி தன் சொந்தக்காரனைக் கவனிக்கப் பழக்குகிறது. இந்த வட்டாரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்எக்ஸ்கள் எல்லாம் அப்படிப்பட்ட காதுகளால் பிழைத்தவை.

ஆகவே வீட்டுக்கு ஒரே வண்டி என்றால், அதில்தான் அம்மாவை ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால், அதில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றால், நான் தயங்காமல் ஸ்ப்ளெண்டர் என்று சொல்லிவிடுவேன். பையன் முகம் வாடும். வாடட்டும். இன்னொரு வண்டி வீட்டில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை கைவசம் இருக்கிறது என்றால் பேச்சு வேறு. அப்போது ஆர்சி, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பதிவு எல்லாம் சரிபார்க்க வேண்டும். சிலிண்டர் எத்தனை முறை ரீபோர் ஆகியிருக்கிறது, இன்னும் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசல் பாகம் கிடைப்பது குறைந்துவிட்டது. போலி பிஸ்டனைப் போட்டால் எந்த டியூனிங்கும் நிற்காது.

இவ்வளவு சொன்ன பிறகும் வேண்டும் என்கிற பையனிடம் ஒரு நிபந்தனை வைக்கிறேன். ஒரு ஞாயிறு பட்டறைக்கு வர வேண்டும். இன்னொரு ஆர்எக்ஸின் ஹெட்டை அவனே கழற்றி, பிஸ்டன் தலையிலும் புகைவழியிலும் படிந்த கரியைச் சுரண்டி, புது கேஸ்கெட் வைத்து மாட்டி, உதைத்து ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும். சாயங்காலம் நகத்தில் கரியோடு நின்று, "எடுக்கலாம்ண்ணே" என்று அப்போதும் சொன்னால், வண்டியை நானே கூடப் போய்ப் பார்த்து வாங்கித் தருகிறேன்.