ஏட்டில் எல்லாரும் 75 கிலோ

ஐரோப்பிய வாகன விதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் எடை 75 கிலோ என்றுதான் கணக்கு. நீங்கள் 52 கிலோவாக இருந்தாலும் 98 கிலோவாக இருந்தாலும் ஏட்டில் 75தான். கடையிலிருந்து வரும் வண்டியின் ஸ்பிரிங்கும் பெரும்பாலும் அப்படி ஒரு நடுத்தர ஆளை மனதில் வைத்துப் பூட்டப்பட்டது. அந்த ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என் சித்தியின் மகளுக்கு 19 வயது, 52 கிலோ. சுவிஸில் 18 வயதில் எடுக்கக்கூடிய 35 கிலோவாட் லைசன்ஸ் எடுத்து, ஒரு பழைய வண்டி வாங்கினாள். கரூஜில் ட்ராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது பின்பக்கம் துள்ளும். ஃபோசீய் கணவாயிலிருந்து ஜெக்ஸ் பக்கம் இறங்கும்போது, வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தட்டித் தட்டி வழுக்கும்.

"விக்கப் போறன் அண்ணா. எனக்குப் பாரம் காணாதாம்" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாருமாம். எனக்குக் கோபம்தான் வந்தது. சரிபார்க்க வேண்டியது வண்டியை. ஆனால் எல்லாரும் பிள்ளையை அல்லவா அளந்திருக்கிறார்கள்!

நாம் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் அமுங்க வேண்டும். மேடு வந்தால் சக்கரம் மேலே போவது எல்லாருக்கும் தெரியும். பள்ளம் வந்தால் அது கீழேயும் போக வேண்டும். அமுங்காத வண்டியில் கீழே போக இடமில்லை. டயர் ரோட்டை விட்டுவிடும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குப் போவதால் பின்பக்கம் இன்னும் மோசம். சாதாரண ரோட்டு வண்டியில் சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் அமுங்கினால் நல்லது.

அளக்க ஒரு டேப்பும் இரண்டு பேரும் போதும். பின்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஒரு புள்ளி வரை அளந்தோம். பிறகு வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது: 8 மில்லிமீட்டர் குறைவு. பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், சப்பாத்து எல்லாம் போட்டு, இரண்டு காலையும் பெடலில் வைத்து அவள் இருக்கும்போது: 24. அவளுடைய வண்டியில் மொத்தத் தூரம் 130, ஆகவே 39 அளவில் வந்திருக்க வேண்டும். (சென்னைக்குப் பக்கத்தில் செய்யப்படும் ஹிமாலயன் 450இல் அந்தத் தூரம் 200. அதற்கு 60 வரும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.)

ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு நெருக்கி வைப்பது என்பதுதான் பிரீலோட். அவளுடைய ஷொக்கில் அதற்கு 7 படிகள்; 4இல் இருந்தது. வண்டியோடு வந்த கொக்கிச் சாவியால் 1க்குக் கொண்டுவந்தோம். இப்போது 36, அவள் இல்லாமல் 20.

அந்த 20 கொஞ்சம் கூடத்தான். பிரீலோட் ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்பதை மட்டும்தான் மாற்றும். இந்த ஸ்பிரிங் அவளுக்குக் கடினம் என்று அந்த 20 சொல்கிறது. மெல்லிய ஸ்பிரிங் ஒன்று போடலாம், காசு சேர்ந்த பிறகு. பாரமான ஆட்களுக்கு இது தலைகீழாக வரும்: நெருக்கி நெருக்கி, ஆள் இல்லாதபோது வண்டி அமுங்கவே அமுங்காது.

உயரம் மாறினால் செயினின் தளர்வும் மாறும், அதையும் பார்க்க வேண்டும். ஹெட்லைட் எங்கே விழுகிறது என்பதையும்.

அடுத்த ஞாயிறு அதே இறக்கத்தில் அவளுக்குப் பின்னால் நான் போனேன். சக்கரம் ரோட்டை விடவில்லை. விற்பனை விளம்பரத்தை அன்றிரவே எடுத்துவிட்டாள். சித்தி பின்னால் ஏறினால் 1 காணாது. அதனால் சீட்டுக்கு அடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறாள்: நான் 1, அம்மா 5.