மிதிவண்டி உடலுக்கு இசையட்டும்

நாம் ஓட்டும் டிரையத்லான் மிதிவண்டியைக் காணும் சகோதரர்கள் முதலில் கேட்பது, "இவ்வளவு குனிந்து எப்படி நெடுந்தூரம் செல்கிறீர்கள்?" என்பதே. நியாயமான கேள்விதான். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் என மூன்றும் தொடர்ந்து வரும் முழு அயர்ன்மேன் போட்டியில் மிதிவண்டிக்கு மட்டும் 180 கிலோமீட்டர். அதன் பாதித் தொலைவுப் போட்டியில் 90. அத்தனை நேரமும் முழங்கைகளைத் திண்டுகளில் ஊன்றி, நீள்கைப்பிடியைப் பற்றியிருக்க வேண்டும்.

1989-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் இறுதி நாளில், டிரையத்லான் வீரர்கள் வழங்கிவந்த இத்தகைய கைப்பிடியுடன் ஓட்டிய கிரெக் லெமாண்ட், ஒட்டுமொத்தக் கணக்கில் 8 வினாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். ஆனால் அன்றைய தூரம் 24.5 கிலோமீட்டர்தான், அரை மணிக்குள் முடிந்தது. அரை மணி தாங்கும் அமர்வை உடல் மூன்று மணி நேரமும் தாங்கும் என்று கொள்ளலாகாது.

வளைகுடாவில் பணிபுரியும் நம் தம்பி விட்டுச்சென்ற வண்டி இது. உயரம் இருவருக்கும் ஒன்றே. ஆயினும் அவருக்கு வயது 28, நமக்கு 46. ஃபஜ்ருக்குப் பின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகையில், நாற்பதாவது கிலோமீட்டரில் கழுத்து கடுத்தது, தொடையிடுக்கு மரத்தது. மரப்பு என்பது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று. அங்குள்ள நரம்பும் இரத்தக் குழாயும் அழுத்தப்படுவதன் அறிகுறி அது. எனவே வண்டியின் அளவுகளை மாற்றத் தொடங்கினோம்.

முதலில் இருக்கை. மிதி கீழே வரும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இடுப்பு இருபுறமும் ஆடினால் இருக்கை உயரமாக உள்ளது என்று பொருள். சாலைப் பந்தய வண்டியின் இருக்கைக் குழாய் சுமார் 73 பாகையில் சாய்ந்திருக்கும். டிரையத்லான் வண்டியில் 76 முதல் 80 வரை. இருக்கை இவ்வாறு முன்தள்ளி அமைவதால், குனிந்தாலும் இடுப்பு நெருங்குவதில்லை. இருக்கையின் முனையை ஓரிரு பாகை தாழ்த்தி, நடுவே பள்ளமுள்ள இருக்கையைப் பொருத்தினோம். மரப்பு நின்றது.

அடுத்து முழங்கைத் திண்டுகள். உடலின் எடையைத் தசைகளன்றி எலும்புகள் தாங்க வேண்டும். தோள்கள் இறுகினால், திண்டுகள் தாழ்வாகவோ தொலைவாகவோ உள்ளன. அடியில் வளையங்கள் அடுக்கி, நான்கு தவணைகளில் 2 சென்டிமீட்டர் உயர்த்தினோம். கழுத்து இளகியது.

இறுதியாக, மிதிதண்டின் நீளத்தை 172.5 மில்லிமீட்டரிலிருந்து 165-ஆகக் குறைத்தோம். முழங்கால் மேலே வரும்போது வயிற்றை நெருக்குவது குறைந்தது. தண்டு குறைந்த அளவுக்கு இருக்கையை உயர்த்துவது அவசியம்.

இருக்கையிலோ திண்டிலோ ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே, அதுவும் 5 மில்லிமீட்டர் அளவிலேயே செய்க. பழைய இடத்தை ஒட்டுநாடாவால் குறித்துவைத்து, ஒரு மணி நேரமேனும் ஓட்டிப் பார்த்தபின் அடுத்ததைத் தொடுக.

தாழக் குனிந்தால் காற்றின் தடை குறையும் என்பது மெய். ஆனால் வலி தாளாது அடிக்கடி நிமிர்பவருக்கு அந்த ஆதாயம் கிட்டாது. வண்டியை விட்டு இறங்கியபின் 21 கிலோமீட்டர் ஓடவும் வேண்டும். உடல் நம்மிடம் உள்ள அமானிதம். இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் மரப்பு தொடருமானால், வண்டியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண்பதே முறை.