ரைஸும் லைஸும்

நாளை மறுநாள் இன்டர்வியூ. ஜப்பான் பள்ளிக்கூடங்களில் ஆங்கில உதவி ஆசிரியர் வேலை. 1987-ல் ஆரம்பித்த ஜெட் திட்டம்.

ரூம்மேட்டை ஜப்பான் பையனாக உட்காரவைத்து மாதிரி வகுப்பு எடுத்தேன். அவர்களுக்கு 'ர'வும் 'ல'வும் ஒரே மாதிரிதான் காதில் விழுமாம். ரைஸ் என்று சொல்லப்போய் லைஸ் வந்துவிடும் (சோற்றுக்குப் பதில் பேன்!). நாக்கு நுனி எங்கே படணும் என்று படம் போட்டுக் காட்டினேன்.

"ஏழாவது வரைக்கும் நீயே ஜூவை 'சூ'ன்னுதானடா சொன்னே?" என்றான்.

சுருக்கென்றது. உண்மைதான். தமிழ் மீடியம். கண்ணாடி முன்னால் நின்று பழக்கிய நாக்கு இது. அதனால்தான் அந்தப் பையன்களுக்கு எங்கே தடுக்கும் என்று எனக்குத் தெரிகிறது. "அதையெல்லாம் அங்கே உளறி வைக்காதே" என்கிறார் அப்பா.

சொல்லத்தான் போகிறேன். ராத்திரிக்குள் அதை ஆங்கிலத்தில் திக்காமல் சொல்லிப் பழகணும்.