இரும்பின் கணக்கு

மனித உடலுக்குள் இரும்பு நுழைய வழி உண்டு. மிகுந்ததை வெளியேற்றத் தனி வழி கிடையாது. தோலும் குடலின் செல்களும் உதிர்வதால் நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் கழியும், அவ்வளவே. ஏற்றப்படும் ஒரு பை இரத்தத்திலோ ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பீட்டா தாலசீமியா மேஜர் நோயுடன் பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். உயிர் காக்கும் அந்த இரத்தமே கல்லீரலிலும் இதயத்திலும் இரும்பைப் படிய வைக்கிறது.

தாராவியில் வளர்ந்த என் சித்தி மகனுக்கு இந்த நோய். சித்தி மணந்தது சொந்த மாமன் மகனை. இருவரும் தாலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் என்பது தம்பி பிறந்த பிறகே தெரிந்தது. சித்தப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. சித்திக்கு மாட்டுங்காவில் வீட்டு வேலை. இரத்தம் ஏற்றிய தேதிகளைச் சித்தி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பட்டறை மூடிக் கிடந்த மழை மாதங்களில் இரும்பை நீக்கும் மாத்திரை வாங்கப் பணம் இருக்காது. அந்த நாள்கள் நோட்டில் இல்லை; கல்லீரலில் பதிவாயின.

குருத்தணு மாற்று இந்நோயைக் குணப்படுத்த வல்லது. அதன் விளைவை முன்கணிக்க, இத்தாலியின் பெசாரோ நகரில் குய்டோ லுகாரெல்லியின் குழுவினர் மூன்று அளவுகோல்களை வகுத்தனர்: கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, இரும்பு நீக்கச் சிகிச்சையின் ஒழுங்கின்மை. மூன்றும் உள்ளவர்கள் மூன்றாம் வகுப்பினர், இடர் மிக்கவர்கள். அவர்களிலும் ஏழு வயதை எட்டி, கல்லீரல் 5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ வீங்கிய குழந்தைகளின் நிலை இன்னும் கடினம் என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2007இல் காட்டினர். நம் நாட்டுக் குழந்தைகள் தாமதமாகவே மாற்றுச் சிகிச்சைக்கு வருவதால் இந்தப் பிரிவு நமக்கு முக்கியமானது.

இரத்தப் புற்றுநோயாளிகளிடம் கதை சற்றுச் சிக்கலானது. சிகிச்சைக்கு முன் ஃபெரிட்டின் மிகுந்தோர் குறைவாகவே பிழைக்கின்றனர் என்று பிலிப் ஆர்மண்டின் குழு 2007இல் எழுதியது. அவரே பங்கேற்ற 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், எம்ஆர்ஐ வழி அளந்த கல்லீரல் இரும்புக்கும் இறப்புக்கும் அத்தகைய உறுதியான தொடர்பு தென்படவில்லை. ஃபெரிட்டின் அழற்சியாலும் உயரும். ஆகவே அந்த எண் இரும்பை மட்டும் சொல்வதில்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது பெசாரோவின் மூன்றாம் அளவுகோல். கல்லீரலைத் தொட்டு அளக்கலாம். தழும்பை நுண்ணோக்கியில் காணலாம். 'ஒழுங்கின்மை' என்பதோ ஒரு குடும்பத்தின் கூலி, மருந்தின் விலை, மருத்துவமனைக்குப் போக இழக்கும் நாள் சம்பளம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. வாய்வழி மருந்தான டெஃபெரிப்ரோன் 1990களின் நடுவில் உலகிலேயே முதலில் அனுமதி பெற்றது இந்தியாவில்; அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது மும்பையின் சிப்லா. அதே மும்பையில்தான் தம்பி மாத்திரையின்றி இருந்தான்.

ஓராண்டு தீவிரமாக இரும்பை நீக்கிய பின், தங்கையின் மச்சையைப் பெற்று அவன் பிழைத்தான். அதே வார்டில் அடுத்த கட்டிலில் இருந்த சிறுவன் பிழைக்கவில்லை. எஞ்சிய இரும்பை அகற்ற, தம்பியின் உடலிலிருந்து இப்போது 14 நாள்களுக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள். "இத்தனை வருசம் ஏத்துனோம், இப்ப எடுக்கணும்னு சொல்லுதாங்க" என்று சித்தி செம்பூரில் என் அறைக்கு வந்தபோது சிரித்தார்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணையில் 'ஒழுங்கற்ற சிகிச்சை' என்ற கட்டத்தில் 1 என்று இடும்போது, பக்கத்தில் இன்னொரு கட்டம் திறந்து 'ஏன்?' என்று கேளுங்கள். திருமணத்துக்கோ கருவுறுதலுக்கோ முன் செய்யும் ஓர் எளிய இரத்தப் பரிசோதனையையும் தடையற்ற மாத்திரையையும் கேட்டு வாதாட, அந்தக் கட்டத்தின் தரவுகளே நமக்குத் துணை நிற்கும்.