சீப்புப் பல்லாய்த் தெரிந்த பாட்டியின் கை

பழைய கல்யாண கேசட் ஒன்று. சொந்தக்காரர்கள் இணையத்தில் பார்க்கட்டும் என்று பேரன் அதைக் கணினியில் ஏற்றினான். ஆரத்தி சுற்றும் பாட்டியின் கை சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது. கேசட் கெட்டுவிட்டது என்றே நினைத்தான்.

கெடவில்லை. நம்மூர் பழைய டிவி முறையில் நொடிக்கு 25 முழுப்படம் கிடையாது, 50 அரைப்படம். ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் 1/50 நொடி கழித்து. அதற்குள் கை நகர்ந்துவிடும். இரண்டையும் கணினி ஒன்றாகக் காட்டினால் சீப்பு!

பாதி வரிகளைத் தூக்கி எறிந்து பார்த்தான். சீப்பு போனது, பாட்டி முகத்தின் தெளிவும் கூடவே போனது. நல்லவேளை, மூலக் கோப்பு பத்திரமாக இருந்தது.

பிறகு எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் பிடபிள்யூடிஃப் வடிகட்டியைப் போட்டான். அது ஒவ்வொரு அரைப்படத்தையும் முழுப்படமாக நிரப்பி, நொடிக்கு 50 படம் தந்தது. கை வழுக்கிக்கொண்டு சுற்றியது.

நீங்களும் செய்வதானால் இரண்டே விஷயம். படத்தின் அளவைக் குறைப்பதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே குறைத்தால் வரிகள் கலந்துவிடும், பிரிக்க முடியாது. மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பாட்டி இன்னொரு முறை ஆரத்தி எடுக்க வரப்போவதில்லை.