ஏற்காட்டில் ஒரு தாலாட்டு

மலைவாசம் போய்விட்டு வந்தவர்களிடம், "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பது உலக வழக்கம். இரண்டு வயதுக் குழந்தையோடு போய் வந்தவளிடம் மட்டும் அப்படிக் கேட்கக் கூடாது. "குழந்தை ராத்திரி தூங்கினாளா?" என்றுதான் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்குள் ஏரி, படகு, பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி எல்லாம் அடங்கிவிடும். குழந்தை தூங்கியிருந்தால் தாயார் அத்தனையும் பார்த்திருப்பாள். தூங்காமல் படுத்தியிருந்தால், விடுதி அறையின் உத்தரத்தைத் தவிர வேறொன்றையும் பார்த்திருக்க மாட்டாள்.

போன மே மாதம் நாங்கள் ஏற்காட்டுக்குப் போனோம். நாங்கள் என்றால், நானும் என் கணவரும், இரண்டேகால் வயதான எங்கள் பெண்ணும், நாத்தனார் குடும்பத்தில் நாலு பேரும். மாமியார் வரவில்லை. ஜூன் மாதத்தில் அவருக்கு முழங்காலில் சத்திர சிகிச்சை என்று நாள் குறித்தாகிவிட்டது. "அங்கே இருபது கொண்டை ஊசி வளைவாமே! அத்தனையையும் என் முழங்கால் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணும். நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

இதிலே ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் வீட்டில் குழந்தையைத் தூங்கப் பண்ணும் இலாகாவுக்கு மந்திரிகள் இரண்டே பேர். ஒருவர் மாமியார், இன்னொருத்தி நான். ஜூன் மாதம் மாமியார் படுக்கையில் இருப்பார். அதே ஜூன் மாதம் எனக்குப் பத்திரிகை ஆபீசில் வாரத்துக்கு மூன்று நாள் மாலை வேலை ஆரம்பம். வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகிவிடும். மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுவார், குளிப்பாட்டுவார், யானையாகி முதுகில் ஏற்றிக்கொண்டு கூடத்தைச் சுற்றுவார். தூங்க வைப்பது மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. அப்பா மடி என்றாலே ஆட்டம் என்பது அவள் கணக்கு. அவர் தோளில் சாய்த்துத் தட்டினால், பாதிக் கண் மூடியவள்கூட முழுக் கண் திறந்து, "யானை!" என்பாள்.

* * *

பிரயாணத்தை நான் குழந்தையின் தூக்கத்தை வைத்துத்தான் திட்டமிட்டேன். ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் இருக்கிறது. அது ஏற்காட்டுக்குப் போகாது, ஈரோட்டுக்குப் போகும்! ராத்திரி சென்னையில் ஏற்றிக்கொண்டு, விடிவதற்கு முன்னால் சேலத்தில் இறக்கிவிடும். பெரியவர்களுக்கு அது சௌகரியம். குழந்தையை அந்த இருட்டில் எழுப்பி இறக்கினால் அன்றைய பகலும் போச்சு, ராத்திரியும் போச்சு. ஆகவே பகல் ரயிலில் போனோம். அவர் குழந்தையை ஜன்னலோரம் உட்கார வைத்து, வரும் ஸ்டேஷன்களின் பெயரையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்.

சேலத்தில் சாப்பாடு ஆனதும், குழந்தை வழக்கமாகப் பகல் தூக்கம் போடும் நேரம் பார்த்து மலையேறினோம். ஏறும்போது காது அடைக்கும். வாய்க்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து விழுங்க வைத்தால் சரியாகிவிடும். மூன்றாவது வளைவில் தூங்கிப் போனவள் ஊருக்குள் நுழைந்த பிறகுதான் விழித்தாள். இதுவே சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏறியிருந்தால், காரிலேயே தூங்கி எழுந்து, நடுநிசி வரையில் கச்சேரி நடத்தியிருப்பாள்.

ஏற்காடு சுமார் 5,000 அடி உயரம். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள். மலையின் உச்சியில், 5,300 அடிக்கும் மேலே, சேர்வராயன் கோயில் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற துரை இங்கே காப்பிச் செடி வைத்தார். அன்று தொடங்கிய காப்பித் தோட்டங்கள் இன்றும் சரிவெல்லாம் பரந்து கிடக்கின்றன. நடு நடுவே மிளகுக் கொடி படர்ந்த மரங்கள். சேலத்து வெயிலில் வெந்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தக் காற்றே பெரிய விருந்து.

ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குக் காற்றாவது, காப்பித் தோட்டமாவது! அவளுக்கு வேண்டியது, நேற்று நடந்தது இன்றும் நடக்க வேண்டும் என்பதுதான். எங்கள் வீட்டில் ஆறேகால் மணிக்குப் பருப்பு சாதம். பிறகு வெந்நீர்க் குளியல். உள்ளங்காலில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஒரு தம்ளர் பால். ஒரே ஒரு கதை. அதுவும் அதே காக்காய் கதை. விளக்கை அணைத்துவிட்டு மாமியாரின் தாலாட்டு. ஏழரைக்கெல்லாம் வீடு அமைதி.

இது ஏதோ பாட்டி காலத்துப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 2009-ஆம் வருஷம் அமெரிக்காவில் 405 தாய்மார்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். தினந்தோறும் ஒரே வரிசையில் குளியல், உடம்பு தடவி விடுதல், ஒரு பாட்டு, பிறகு விளக்கணைப்பு. இரண்டே வாரத்தில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள். நடுவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்தது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த சமாசாரம்! ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

ஆகவே, அந்த வரிசையையே மூட்டை கட்டிக்கொண்டு போனேன். அதே எண்ணெய்ச் சீசா, அதே தம்ளர், மாமியாருடைய பழைய நூல் புடைவை ஒன்று. புடைவையைத் துவைக்காமல் எடுத்துப் போனேன். துவைத்துவிட்டால் அதில் பாட்டி ஏது?

* * *

அப்படியும் முதல் ராத்திரி சுலபமாக இல்லை. வெளியே பூச்சிகளின் ரீங்காரம். படுக்கை ஜில்லென்றிருந்தது. "பாட்டி வீட்டுக்குப் போலாம்" என்று மூன்று தடவை எழுந்து உட்கார்ந்துகொண்டாள். புது இடத்தில் முதல் ராத்திரி பெரியவர்களுக்கே மூளையின் ஒரு பாதி அரைத் தூக்கத்தில் காவல் இருக்கிறதாம். 2016-இல் பிரௌன் சர்வகலாசாலையில் கண்டு சொன்னார்கள். பெரியவர்கள் பாடே அப்படியென்றால், இரண்டு வயதுக் குழந்தை என்ன செய்யும்?

மலைக் குளிருக்கு ஒரு வார்த்தை. கனத்த கம்பளி ஒன்றைத் தலை வரையில் இழுத்துப் போர்த்துவதைவிட, மெல்லிய சட்டை இரண்டு மூன்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. முகம் மூடக் கூடாது. குளிர் காய்வதற்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. அதன் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இரண்டாவது ராத்திரி வேறு விதமான சோதனை. பக்கத்து அறையில் சீட்டாட்டமும் சிரிப்பும். நாத்தனார் எட்டிப் பார்த்து, "மலைக்கு வந்தும் ஏழரை மணிக்குப் படுக்கணுமா? ஒரு நாள் முழிச்சிருந்தா என்ன ஆயிடும்? அவளையும் தூக்கிக்கிட்டு நீயும் வா" என்றார். ஆசையாகக் கூப்பிட்டதுதான். ஆனால் தூக்கம் தப்பிய குழந்தை களைத்துப் படுக்காது. இரட்டிப்பாக ஆடும், பிறகு இரட்டிப்பாக அழும். "நீங்க விளையாடுங்க அக்கா" என்றேன். இருட்டில் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விடுமுறை என்பது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வருவதில்லை என்று அப்போது தோன்றிற்று.

மறுநாள் காலையில் அவரிடம், "என்னங்க, இன்னிக்கு ராத்திரி நீங்க தூங்க வையுங்க" என்றேன்.

"இங்கேயா? வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாமே!"

"வீட்டுக்குப் போனதும் ஜூன் வந்துடும். எண்ணெய், பால், கதை எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கும். ஆள் மட்டும்தான் மாறப் போறது."

"எனக்குத் தாலாட்டு வராதே. அதெல்லாம் பொம்பளைங்க பாட்டு."

நான் விடுவேனா! "பெரியாழ்வார் ஆணா, பெண்ணா?" என்று கேட்டேன். கண்ணனைத் தொட்டிலில் போட்டு, யசோதையாகத் தம்மைப் பாவித்துப் பாடியவர் அவர். திருக்கண்ணபுரத்து ராமனைத் தாலாட்டிய குலசேகர ஆழ்வாரோ, நாடாண்ட சேர ராஜா. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்பார்கள். நாக்கு எல்லாருக்கும்தான் இருக்கிறது! அந்தப் பாசுரங்களில் பாட்டுக்குப் பாட்டு 'தாலேலோ' என்றே முடியும். ராகம் பெரிதல்ல, திரும்பத் திரும்ப அதே சொல் வருகிறதே, அதுதான் மருந்து.

அவர் விடுதி பில்லின் பின்பக்கத்தில் வரிசையை ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டார். நான் வெளித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

விளக்கு அணைந்தது. "அம்மா!" என்று ஒரு குரல். பிறகு அழுகை. இரண்டு தடவை எழுந்து கதவு வரையில் போனேன். நாத்தனார் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அவன் உள்ளேதானே இருக்கான். அவ தனியா அழலே" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெம்பாக இருந்தது. பன்னிரண்டு நிமிஷம். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கணக்கில் சந்தேகம் இல்லை.

அழுகை தேய்ந்து விசும்பலாயிற்று. உள்ளேயிருந்து ஒரு பாட்டு மெதுவாகக் கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "அரக்கோணம் ஆராரோ... காட்பாடி ஆரிரரோ... ஜோலார்பேட்டை ஆராரோ..." ரயிலில் படித்துக்கொண்டு வந்த ஸ்டேஷன்கள்! சேலம் போய்ச் சேர்ந்ததும் மறுபடியும் சென்னையிலிருந்து புறப்பட்டார். மூன்றாவது பிரயாணத்தில் சத்தமே இல்லை. பாடினவரும் தூங்கிவிட்டிருந்தார்.

* * *

நாலாம் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு, அவர் குழந்தையைக் குளிப்பாட்ட அழைத்துப் போனதும், நானும் நாத்தனாரும் லேடீஸ் ஸீட்டுக்குப் போனோம். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி தினமும் அங்கே உட்கார்ந்து சூரியாஸ்தமனம் பார்ப்பாளாம். அதற்குப் பக்கத்திலேயே கனவான்களுக்கு ஒரு ஸீட், குழந்தைகளுக்கு ஒரு ஸீட். மூன்று பேருக்கும் தனித்தனியாக இடம்! அந்தச் சீமாட்டி நிம்மதியாக அஸ்தமனம் பார்த்தபோது குழந்தைக்கு யார் சோறு ஊட்டினார்கள் என்பதைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. ஆயா ஒருத்தி இருந்திருப்பாள்.

சூரியன் இறங்கிற்று. கீழே, மலைச் சாலை வளைந்து வளைந்து போய்ச் சேரும் சமவெளியில், சேலம் நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. கொஞ்ச நேரத்தில், யாரோ கை நிறைய அள்ளி வீசினாற்போல் ஊர் முழுவதும் மினுமினுத்தது. முதல் இரண்டு நாளும் இந்த நேரத்தில்தான் நான் இருட்டறைக்குள் இருந்தேன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, நெஞ்சில் ஓர் ஓரத்தில் சுருக்கென்றது. இந்நேரம் அவள் காட்பாடி தாண்டியிருப்பாள். நான் இல்லாமலே தூங்கப் போகிறாள். அதற்காகத்தானே இவ்வளவு பாடு? ஆனாலும் கண் நனைந்தது. நாத்தனாரிடம் சொன்னேன். "அழுதா அழு. ஆனா எழுந்து ஓடிடாதே. முழுசாப் பார்த்துட்டுப் போவோம்" என்றார். முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம்.

குழந்தைகளுக்கு மலையும் தெரியாது, சமவெளியும் தெரியாது. எண்ணெய், பால், காக்காய் கதை, பாட்டு என்ற அந்த வரிசைதான் அவர்களுக்கு வீடு. அதை எந்த ஊருக்கும் கொண்டு போகலாம் என்பதை நான் முன்பே அறிவேன். இன்னொருவர் கையிலும் அதைக் கொடுக்கலாம் என்பதை ஏற்காட்டில்தான் கண்டேன். பிரயாணம் போகும் சகோதரிகள் பெட்டியில் ஸ்வெட்டரையும் பிளாஸ்க்கையும் அடுக்கும்போது, வீட்டுக்காரரிடம் அந்த வரிசையையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஜூன் மாதம் வந்தது. மாமியாருக்குச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். என் மாலை வேலையும் ஆரம்பமாயிற்று. முதல் நாள் பத்து மணிக்குப் பயந்துகொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். கூடம் அமைதியாக இருந்தது. மாமியார் மட்டும் படுக்கையில் விழித்துக்கொண்டிருந்தார்.

"தூங்கினாளா, அத்தை?"

"ஏழரைக்கே தூங்கிட்டா. அழவே இல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா உன் வீட்டுக்காரன் மொரப்பூரை விட்டா நேரா சேலத்துக்குப் போயிடறான். நடுவிலே பொம்மிடி வரணுமில்லே? நாளைக்குச் சொல்லி வை" என்றார்.